பழைய குப்பையின் சூடு

பள்ளிக்கரணைப் பக்கம் குடியிருக்கும் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். யாரும் கொளுத்தாமலே குப்பைமேட்டில் தீ எப்படிப் பிடிக்கிறது, முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கருவி எதுவும் கிடையாதா என்று கேட்கிறார். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீ நாள்கணக்கில் புகைந்தது. அந்தப் புகையை மூச்சில் வாங்கியவர்கள் கேட்கும் கேள்வி இது.

கருவி இருக்கிறது. அதன் பெயர் வாயுக் கிணறு. குப்பை மட்கினால் மீத்தேன் வரும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்; அதனால் நேரே கிணற்றுக்கு வருகிறேன். மேட்டின் உச்சியிலிருந்து இரண்டு மூன்று அடி அகலத்துக்குத் துளை போட்டு, உடம்பெல்லாம் ஓட்டையிட்ட பிவிசி குழாயை இறக்குவார்கள். சுற்றிலும் ஜல்லி, மேலே களிமண் பூச்சு. எல்லாக் கிணறுகளையும் ஒரே பெருங்குழாயில் இணைத்து மோட்டார் வைத்து உறிஞ்சி, வரும் வாயுவை எரித்துவிடுவார்கள் அல்லது மின்சாரம் எடுப்பார்கள்.

கிணற்றின் தலையில் ஒரு வால்வும் ஒரு வெப்பமானியும் இருக்கும். அமெரிக்காவில் மாதத்துக்கு ஒரு முறையாவது ஒருவர் ஒவ்வொரு கிணற்றுக்கும் போய் அழுத்தம், ஆக்சிஜன், சூடு மூன்றையும் குறித்து, வால்வைச் சற்றே திருப்பிவிட்டு வரவேண்டும். அந்தத் திருப்பலில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. உறிஞ்சுவது குறைந்தால் வாயு மண்ணைப் பிளந்து வெளியேறும். கூடினால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, குப்பை நிஜமாகவே பற்றிக்கொள்ளும். வாசகியின் முதல் கேள்விக்கு விடையில் பாதி இதுதான்: கிணறே இல்லாத நம் திறந்தவெளிக் கிடங்குகளில் காற்று தன்பாட்டில் புகுந்து புறப்படுகிறது, வாயுவும் தன்பாட்டில் கிளம்புகிறது. ஒரு சிறு பொறி போதும்.

அமெரிக்காவில் மேற்பரப்புக்கும் ஒரு சோதனை உண்டு. ஊழியர் கையில் மீத்தேன் மானியை ஏந்தி, அதன் குழாய்முனை தரையை உரசாத குறையாக, முப்பது மீட்டர் இடைவெளியில் மேடு முழுவதும் போய்வந்து நடக்கிறார். பத்து லட்சத்தில் 500 பங்கு மீத்தேனைத் தாண்டினால் அந்த இடத்தில் கொடி நட்டுக் குறித்து, சரிசெய்தாக வேண்டும்.

இத்தனையும் ஒழுங்காக நடந்தாலும் குப்பை மனிதனை ஏமாற்றும் விதம் ஒன்று உண்டு. அதற்கு லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் காஸ்டேயிக் அருகே உள்ள சிக்கீட்டா கேன்யன் கிடங்கைப் பார்க்கவேண்டும். 1970களின் தொடக்கத்திலிருந்து குப்பை கொட்டிவந்த இடம். 1997இல் கொடுத்த அனுமதியில் 2.3 கோடி டன் என்று உச்சவரம்பு இருந்தது. அது நிரம்பியபின், பக்கத்து வால் வெர்டே மக்கள் எதிர்த்தும், 2017இல் மாவட்ட மேற்பார்வையாளர் குழு விரிவாக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. ஐந்தாண்டு கழித்து, 2022இல் கிடங்கின் உள்ளே சூடு ஏறத் தொடங்கியது. புதிதாகக் கொட்டிய இடத்தில் அல்ல. கொட்டி முடித்து மூடிவிட்ட பழைய மூலையில்.

அங்கே நெருப்பு இல்லை, ஆக்சிஜனும் இல்லை. ஆனாலும் ஆழத்தில் சூடு 90 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊரில் ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டுவிட்டால், சில நாளில் தாத்தா அதற்குள் கம்பியைச் செருகி உருவித் தொட்டுப் பார்ப்பார். கை பொறுக்காவிட்டால் அன்றைக்கே போரைப் பிரித்துப் போடச் சொல்வார். சூடு வெளியேற வழியில்லாத குவியல் தன்னையே வேகவைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். குப்பைமேடும் அப்படித்தான்; வாசகிக்கு விடையின் மறுபாதி இது. ஆனால் பல மாடி உயரப் போரை யார் பிரித்துப் போடுவது?

எனக்கு மிகவும் வியப்பூட்டுவது இனிதான் வருகிறது. சூடு ஒரு கட்டத்தைத் தாண்டினால் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகின்றன. ஆகவே மீத்தேன் குறைகிறது! மானியில் எண் இறங்குவதைப் பார்ப்பவர் கிடங்கு அடங்கிவருகிறது என்றே நினைப்பார். உள்ளேயோ கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கூடுகின்றன. கசிவுநீர் கொதித்து மேலெழுகிறது. டைமெத்தில் சல்ஃபைடு என்னும் கந்தகச் சேர்மம் ஊரெல்லாம் நாறுகிறது. கிணற்று வாயில் 55 டிகிரி என்பது அமெரிக்க விதியில் நெடுங்காலம் இருந்த வரம்பு. பின்னர் அதை 63க்கு ஒட்ட உயர்த்தினார்கள். இப்படிப்பட்ட கிடங்கில் மீத்தேன் எண்ணைவிட இந்தச் சூட்டு எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

வால் வெர்டே மக்களுக்கு ஒரு துணை இருந்தது. மலை சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்குகளில் காற்று மாவட்ட எல்லை பார்த்து நிற்பதில்லை என்பதால், லாஸ் ஏஞ்சலஸ் உட்பட நான்கு மாவட்டங்களின் பகுதிகளுக்கும் சேர்த்து சவுத் கோஸ்ட் காற்றுத்தர மேலாண்மை மாவட்டம் என்ற ஒரே அமைப்பு 1970களிலிருந்து இயங்குகிறது. நாற்றம் என்று புகார் வந்தால் அதன் ஆய்வாளர் புகார் செய்தவரின் பகுதிக்கே போய்த் தன் மூக்கால் முகர்ந்து, காற்று வரும் திசையில் மூலத்தைத் தேடிப் போகிறார். மனிதனின் மூக்கு அங்கே சட்டப்படி செல்லும் சாட்சி. ஆயிரக்கணக்கான புகார்கள், நூற்றுக்கு மேற்பட்ட மீறல் அறிவிப்புகள், 2023 செப்டம்பரில் தடுப்பாணை என்று அது தொடர்ந்தது. 2025 பிறந்தபோது கிடங்கு குப்பை வாங்குவதை நிறுத்தியிருந்தது. சூடு அதன்பிறகும் பரவிக்கொண்டே போனது. குப்பை கொட்டுவதை நிறுத்த ஆணை போடலாம். கொட்டியதன் வேதியியலை நிறுத்த எந்த ஆணையாலும் முடியாது.

விரிவாக்கத் திட்டம் என்றாலே எத்தனை லாரி, எத்தனை டன், எத்தனை ஆண்டு என்று வரப்போகும் குப்பையைத்தான் கணக்குப் போடுகிறார்கள். கீழே ஏற்கெனவே கிடக்கும் குப்பை என்ன நிலையில் இருக்கிறது என்பது முதல் பக்கத்தில் இருக்கவேண்டும். நம் நாட்டிலும் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் கிடங்கு வாயுவைச் சேகரிக்கச் சொல்லின. மீத்தேன் வெடிக்கத் தொடங்கும் அளவில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்றன. காகிதத்தில் குறையில்லை. ஆனாலும் 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் கிடங்கு எரிந்தது. விதி எழுதிய அக்கறையில் ஒரு பங்கைக் கம்பி செருகிப் பார்ப்பதில் காட்டியிருந்தால் நம் மக்கள் இவ்வளவு புகை குடித்திருக்க மாட்டார்கள்.

ஊர்க் குப்பைக்கான பொதுக் கிடங்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் வருகிறது. அதற்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் உண்டு. உங்கள் பகுதியில் அப்படி ஒரு கூட்டம் அறிவித்தால் தயவுசெய்து போங்கள். பழைய மேட்டுக்குள் எத்தனை இடத்தில் வெப்பமானி இறக்கினீர்கள், என்ன சூடு காட்டியது என்று எழுத்தில் கேளுங்கள். கூட்டத்தில் எழும் கேள்விகளுக்கு இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும்.