தயிரும் அதன் நுண்ணுயிர்களும்

காய்ச்சாத பால் ஒரு நாளிற் கெடும். அதே பால் தயிரானபின் மேலுஞ் சில நாள் நிற்கும். இவ்விரண்டிற்கும் காரணம் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களே. அவற்றுள் தீயனவற்றை விலக்கி நல்லனவற்றை வளர்க்கும் முறையே தயிர் தோய்த்தலாம். அம்முறையின் இயல்பையும், தயிரால் உடல் பெறும் பயனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பாலைக் காய்ச்சுதல் முதற்செயல். கொதித்தலால் பாலிலுள்ள கிருமிகளிற் பெரும்பாலன அழிகின்றன. அன்றியும், வெப்பத்தால் இயல்பு மாறிய வேறு சில புரதங்கள் கேசீன் என்னும் பாற்புரதத்தோடு பிணைவதால் தயிர் இறுக்கமாக உறைகின்றது. பின்னர்ப் பாலை ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ் வரை, அஃதாவது விரல் பொறுக்கும் இளஞ்சூடாகும்வரை, ஆறவிட்டு, ஒரு போத்தல் பாலுக்கு ஒரு தேக்கரண்டி உறைமோர் சேர்த்துக் கலக்கி மூடிவைத்தல் வேண்டும். சூடு மிகின் உறையிலுள்ள நுண்ணுயிர்கள் இறக்கும். குறையின் மந்தமாகவே பெருகும். நுவரெலியாவில் தயிர் தோய்தற்கு யாழ்ப்பாணத்தைவிட நீண்ட நேரம் வேண்டப்படுவது இதனாலேயே.

பால் உறையுங்கால் நிகழ்வது யாது? நுண்ணுயிர்கள் பாற்சர்க்கரையின் ஒரு பகுதியை இலற்றிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஓரளவு மிகுந்ததும் கேசீன் துணிக்கைகள் ஒன்றோடொன்று கூடி, வலைபோலாகி, நீரைத் தம்முள் அடக்கிக்கொள்கின்றன. இவ்வமிலமே கெடுக்குங் கிருமிகள் பலவற்றையும் வளரவிடாது தடுக்கின்றது. மண்சட்டியின் நுண்டுளைகள் நீரை உறிஞ்சுவதால் அதில் தோய்ந்த தயிர் மேலுங் கட்டியாகின்றது.

இலற்றிக் அமிலப் புளிப்பு உயிர்களின் செயலென 1857 இல் பாஸ்டர் விளக்கினார். 1905 இல் பல்கேரிய மாணவரான கிரிகோரோவ், தம் நாட்டுத் தயிரிலுள்ள கோலுருவப் பற்றீரியாவை ஜெனீவாவில் ஆராய்ந்து வெளியிட்டார். பாரிஸ் பாஸ்டர் நிலையத்து அறிஞர் மெச்னிக்கோவ், பெருங்குடலில் நிகழும் அழுகலே முதுமையை விரைவுபடுத்துவதென்றும், புளித்த பாலின் நுண்ணுயிர்கள் அதனைத் தடுத்து வாழ்நாளை நீட்டுமென்றும் கருதினார். அக்கருத்து உலகெங்கும் பரவிற்று. ஆயின், அப்பற்றீரியா மனிதக் குடலில் நிலைத்து வாழ்வதில்லை என்பது பிற்கால ஆய்வுகளிற் புலனாயிற்று. தாமே நாடோறும் புளித்த பால் அருந்திய மெச்னிக்கோவ், 1916 இல் தமது 71 ஆம் வயதிற் காலமானார்.

அங்ஙனமாயின் தயிரின் பயன் வெறுங் கற்பனையோ? அன்று. வளர்ந்தோர் பலரிடத்துப் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதியம் குறைந்துவிடுகின்றது. அவர் பாலருந்தின் வயிறு உப்பும், கழிச்சலும் உண்டாகும். தயிரிலோ அச்சர்க்கரை முன்னரே ஓரளவு குறைந்துள்ளது. எஞ்சியதைச் செரித்தற்கு வேண்டிய நொதியத்தையும் உயிருள்ள பற்றீரியாக்கள் தம்முடன் குடலுக்குக் கொண்டுசெல்கின்றன. ஆகவே, பால் ஒவ்வாத முதியவரும் சுண்ணாம்புச் சத்தையும் புரதத்தையும் தயிரால் எளிதிற் பெறலாம். கொதிக்குங் குழம்பிலிட்ட தயிரில் அவ்வுயிர்கள் இறப்பதால், அதில் சத்து எஞ்சினும் இத்துணை குன்றும்.

புரோபயோட்டிக் என்னுஞ் சொல்லையும் இவ்விடத்து வரையறுத்துக் கொள்ளல் வேண்டும். போதிய அளவில் உட்கொள்ளப்படும்போது உடலுக்கு நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயோட்டிக்குகள் என 2001 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய அறிஞர் குழு வகுத்தது. ஒருவகை நுண்ணுயிரின் பயன் மற்றொன்றுக்கும் உரியதாகாது. வீட்டுத் தயிரில் எவ்வகை எவ்வளவு உண்டென அளந்தறிய இயலாமையால், அதனை நோய்க்கு மருந்தெனக் கொள்ளல் பொருந்தாது. நோயெதிர்ப்பு வலு மிகக் குன்றியோர் இத்தகைய நுண்ணுயிர் மருந்துகளை மருத்துவரைக் கேளாது உட்கொள்ளலாகாது.

தயிர் ஆயுளை நீட்டும் அமுதமன்று. எனினும் எளிதிற் செரிக்கும் நல்லுணவு. தூய கலம், அளவான சூடு, புதிய உறை என்னும் மூன்றையும் பேணுவோர் இல்லத்தில் அது குறைந்த செலவில் நாடோறும் கிடைக்கும். அதன் மெய்ப்பயனை உள்ளவாறு அறிந்து உண்பதே அறிவுடைமையாம்.