எனக்குக் காய்ச்சல்... பாட்டிக்குப் பயம்! தடுப்பூசியின் பக்கவிளைவு எதைச் சொல்கிறது?

"தெம்பா இருக்குற உனக்கே இப்படின்னா, எனக்கு என்னப்பா ஆகும்?"

இரண்டாவது தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து 78 வயதுப் பாட்டி கேட்ட கேள்வி அது.

அதுவரை "போட்டுக்கலாம், போட்டுக்கலாம்" என்று இழுத்துக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து "வேண்டாம்" என்று முடிவெடுத்துவிட்டார்.

2021 ஆகஸ்ட் 29ஆம் தேதி சிங்கப்பூர் மக்கள்தொகையில் 80 விழுக்காட்டினர் இரண்டு தடுப்பூசிகளையும் போட்டுக்கொண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

மீதமிருந்தோரில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அப்போது தடுப்பூசி அனுமதிக்கப்பட்டிருக்கவில்லை. ஆனால் என் பாட்டி போன்ற மூத்தோரும் அதில் இருந்தார்கள். கிருமி தொற்றினால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்களும் அவர்கள்தான்.

வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியைத் திருத்தலாம். ஆனால் பாட்டி கண்ணால் பார்த்தது என் காய்ச்சலை. அதற்கு என்ன பதில் சொல்வது?

<b>எனக்கு என்ன நடந்தது?</b>

12 முதல் 39 வயது வரையிலான சிங்கப்பூரர்களுக்கு 2021 ஜூன் 11ஆம் தேதி பதிவு தொடங்கியது. குறுஞ்செய்தி வந்ததும் வீட்டுக்கு அருகிலுள்ள சமூக மன்றத்தில் இடம் பதிவு செய்தேன்.

அடையாள அட்டையைச் சரிபார்த்தார்கள். ஒவ்வாமை உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார்கள். ஊசி போட்டது சில விநாடிதான். எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு 30 நிமிடம் நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது.

முதல் ஊசிக்குக் கைவலி மட்டும். இரண்டாவது ஊசிக்கு அன்றிரவே குளிர், உடல்வலி, காய்ச்சல். பனடோல் சாப்பிட்டுத் தூங்கினேன். ஒன்றரை நாளில் எல்லாம் சரியாகிவிட்டது.

<b>அந்த 30 நிமிடம் எதற்கு?</b>

மிக அரிதாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்படலாம். மூச்சுத் திணறல், முகவீக்கம், தலைசுற்றல் போன்றவை அதன் அறிகுறிகள்.

அது பெரும்பாலும் ஊசி போட்ட சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும். அட்ரினலின் மருந்தும் மருத்துவக் குழுவும் அங்கேயே தயாராக இருப்பார்கள். அதனால், "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று பாதியில் எழுந்து போகக்கூடாது.

<b>காய்ச்சல் ஏன் வருகிறது?</b>

ஃபைசர்-பயோஎன்டெக், மொடர்னா இரண்டும் எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசிகள். அவற்றில் கிருமி கிடையாது. கிருமியின் மேற்புறத்தில் உள்ள முள் போன்ற புரதத்தை உருவாக்குவதற்கான குறிப்பு மட்டுமே உண்டு.

நமது அணுக்கள் அந்தக் குறிப்பைப் படித்துப் புரதத்தைத் தயாரிக்கும். குறிப்பு விரைவில் சிதைந்துவிடும். அது மரபணுவைத் தொடுவதில்லை.

அந்தப் புரதத்தை அந்நியனாகப் பார்க்கும் நோய் எதிர்ப்பு ஆற்றல் சண்டைக்குத் தயாராகிறது. காய்ச்சலும் உடல்வலியும் அந்தப் பயிற்சியின் சத்தம்!

இரண்டாவது முறை உடலுக்கு ஏற்கனவே அடையாளம் தெரியும். அதனால் சத்தம் சற்று அதிகம்.

<b>அப்படியென்றால் வயதானவர்களுக்கு இன்னும் மோசமாகுமா?</b>

பாட்டியின் கேள்வி இதுதான். பதில் நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது.

ஃபைசர் தடுப்பூசியின் பெரிய சோதனையில் ஏறக்குறைய 44,000 பேர் கலந்துகொண்டார்கள். அதில் இரண்டாவது ஊசிக்குப் பிறகு...

- 55 வயதும் அதற்குக் குறைவாகவும் உள்ளவர்களில் 16 விழுக்காட்டினருக்குக் காய்ச்சல் வந்தது
- 55 வயதைத் தாண்டியவர்களில் 11 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது
- தலைவலி இளையவர்களில் 52 விழுக்காடு, மூத்தவர்களில் 39 விழுக்காடு

காரணம்? வயது கூடும்போது நோய் எதிர்ப்பு ஆற்றலின் வேகம் குறைகிறது. அதனால் சத்தமும் குறைகிறது.

ஆனால் அதே காரணத்தால்தான் உண்மையான கிருமி உள்ளே வரும்போதும் மூத்தவர்களின் உடல் மெதுவாகச் செயல்படுகிறது. முன்கூட்டியே பயிற்சி அவர்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை.

<b>காய்ச்சல் வரவில்லை என்றால் ஊசி வேலை செய்யவில்லையா?</b>

அப்படி இல்லை. அந்தச் சோதனையில் காய்ச்சல் வராதவர்களே பெரும்பான்மை. இருந்தும் தடுப்பூசியின் செயல்திறன் 95 விழுக்காடு என்று பதிவானது.

2021இல் பரவிய டெல்ட்டா வகைக் கிருமி, தடுப்பூசி போட்டவர்களையும் தொற்றக்கூடியதாக இருந்தது. ஆனால் நோய் கடுமையாகும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது.

<b>சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால்?</b>

கட்டுப்பாட்டில் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். பாட்டிக்கு இரண்டுமே உண்டு. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரும் அதையேதான் சொன்னார். முன்பு கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் மட்டும் முதலில் மருத்துவரிடம் பேசவேண்டும்.

<b>பாட்டி என்ன செய்தார்?</b>

எண்களைச் சொன்னபோது பாட்டி பெரிதாக அசரவில்லை. "நீயும் என்கூட உட்காருவியா?" என்றுதான் கேட்டார்.

60 வயதைத் தாண்டியவர்களுக்கு அப்போது முன்பதிவு தேவைப்படவில்லை. நேரே சமூக மன்றத்துக்குப் போனோம். 30 நிமிடமும் பக்கத்து நாற்காலிப் பாட்டியிடம் மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கைவலி மட்டும்தான். காய்ச்சல் இல்லை.

அதை வைத்து "பாருங்க, நான் சொன்னேன்ல" என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒருவரின் அனுபவம் எல்லோருக்கும் பொருந்தாது. என் காய்ச்சலை வைத்துப் பாட்டி பயந்தது எப்படிச் சரியில்லையோ, பாட்டியின் கைவலியை வைத்து மற்றவர்களுக்கு உத்தரவாதம் கொடுப்பதும் அப்படித்தான்.

உங்கள் வீட்டிலும் இன்னும் தயங்கும் தாத்தா பாட்டி இருக்கிறார்களா? நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஊசி போடும் குழுக்களும் அப்போது இருந்தன.

"ஏன் போடல?" என்று கேட்பதைவிட, "எதுக்குப் பயப்படுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலை முழுதாகக் கேளுங்கள். பிறகு கூடவே போய் உட்காருங்கள்.

பாட்டிக்கு அப்போது இரண்டாவது ஊசி பாக்கி இருந்தது. அதற்குப் பின் இரண்டு வாரம் ஆனால்தான் முழுப் பாதுகாப்பு என்று அப்போது கருதப்பட்டது. தேதியைச் சமையலறை நாட்காட்டியில் அவரே வட்டமிட்டு வைத்திருந்தார்.