சிவப்புக் குமிழ், மஞ்சள் குமிழ்

கேமரன் மலையின் பிரிஞ்சாங், கம்போங் ராஜா கடைத்தெருக்களில் ஒரு நடை போனால் போதும், வரிசையாக லேண்ட் ரோவர்கள் கண்ணில் படும். பெட்டி வடிவ உடம்பு, நசுங்கிய மட்கார்டு, பின்னால் கோஸ் கூடைகள், சில சமயம் கோழி எரு மூட்டைகள். பகாங் மாநிலத்தின் இந்த ஒரு மலை வட்டாரத்தில் மட்டும் இவை ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. பலவற்றுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வேறு ஊர்களில் பழம்பொருள் பிரியர்கள் மெழுகு பூசிக் கண்காட்சிக்கு வைக்கும் வண்டி இங்கே எரு சுமக்கிறது.

இந்த மலைக்கு ஏறி இறங்குவது என்றைக்குமே பெரும்பாடுதான். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டைத் திருத்தக் கிடைத்தவை கூலியாட்களின் கைகள், கோவேறு கழுதைகள், ஒரே ஒரு நீராவி ரோலர். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை மலைச்சாலை முடிந்தது 1931இல். சடக்கு வந்தாலும் அது பெரிய ஊர்களோடு நின்றது. சரிவுகளுக்குள் போகும் வழிகள் இன்றும் பல இடங்களில் மண் தடங்களே. தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் மழையில் உளுத்துக் களிமண்ணும் மணலுமாகிவிட்டது. காய்ந்திருக்கும்போது சமர்த்தாக இருக்கும் அந்த மண், அரை மணி நேர மழைக்குப் பிறகு காலை ஊன்றவே விடாது.

லேண்ட் ரோவர் முதன்முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது 1948 ஏப்ரல் 30இல், ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தேடிக் காட்டுக்குள் போன பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இந்த வண்டி வாகாக அமைந்தது. ராணுவம் கழித்துக் கட்டிய வண்டிகளைத் தோட்டக்காரர்களும் காய்கறி விவசாயிகளும் வாங்கிக்கொண்டார்கள். போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடு; அதனால் ரோவர் கம்பெனி உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தது. வேறு வழியில்லாமல் செய்த அந்தக் காரியம், ஓயாமல் ஈரம் சொட்டும் இந்த மலையில் பெரிய வரமாகிவிட்டது. தகடு துருப்பிடிக்காது. அடியிலிருக்கும் எஃகுச் சட்டம் துருப்பிடிக்கும். அது வேறு கதை.

பழைய லேண்ட் ரோவரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் வழக்கமான கியர் கம்பியோடு இன்னும் இரண்டு கம்பிகள் தெரியும். ஒன்றின் தலையில் மஞ்சள் குமிழ், இன்னொன்றில் சிவப்பு. மஞ்சளைக் கீழே அழுத்தினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் வண்டி கீழ்நிலைக் கியருக்குப் போகும்: வேகம் ஏறத்தாழப் பாதியாகும், சக்கரத்தில் வரும் முறுக்குவிசை இருமடங்காகும். கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் காற்று ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மெலிந்துவிடுகிறது. டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் அதற்கேற்பக் குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்டுவது சிவப்புக் குமிழ்தான். இறக்கத்திலும் அதற்கே முதல் மரியாதை. சேற்றுச் சரிவில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். கீழ்நிலை முதல் கியரில் விட்டால் எஞ்சினே பிடித்துப் பிடித்து இறக்கும். மஞ்சளைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் பல்சக்கரத் தொகுதி இந்தப் பழைய மாடல்களின் நடுவில் இல்லை. சேற்றில் சக்கரம் கொஞ்சம் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார்ச் சடக்கில் அந்த முறுக்கம் முழுவதும் கியர் பெட்டிக்குள் போய்ச் சேரும்.

நான்கு சக்கர இழுவை இருந்தால் எங்கேயும் போகலாம் என்பது விளம்பரத்தில் பிறந்த நம்பிக்கை. ஆக்சிலின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல், சுழல்வதற்கு எந்தச் சக்கரம் எளிதோ அதற்கே சுழற்சியைக் கொடுக்கும். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் பள்ளத்தில் தொங்கினால் அந்த இரண்டும் காற்றில் சுற்றும். மற்ற இரண்டும் சும்மா நிற்கும். எவ்வளவு வலுவான எஞ்சினும் அங்கே உதவாது.

அதனால்தான் தயாரிப்பு டயரிலிருந்து தொடங்குகிறது. களிமண்ணுக்கு ஆழமான, இடைவெளி அகன்ற கட்டைகள் கொண்ட டயர் வேண்டும். இடைவெளி குறுகலாக இருந்தால் மண் அப்பிக்கொண்டு டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். தைப்பிங்கை அடுத்த கமுண்டிங்கில் சில்வர்ஸ்டோன் கம்பெனி செய்த சேற்று டயர்கள் காட்டுப் பந்தயக்காரர்களிடம் நல்ல பெயர் வாங்கியவை. தடத்தில் இறங்கும் முன் காற்றைக் குறைப்பது வழக்கம். 30 பவுண்டில் இருப்பதை 18க்குக் கொண்டுவந்தால் டயரின் அடிப்பகுதி நீண்டு, தரையைக் கூடுதலாகப் பிடிக்கும். திரும்பச் சடக்கு ஏறும்போது காற்றை நிரப்ப பம்ப் கூடவே இருக்க வேண்டும். மழை வலுத்தால் டயரைச் சுற்றி இரும்புச் சங்கிலி மாட்டுவார்கள். சங்கிலி தடத்தையும் கிழித்துவிடும். பின்னால் வருபவருக்குக் கிடைப்பது குழிதான்.

இத்தனையும் செய்த பிறகும் வண்டி மாட்டிக்கொள்ளும். அப்போது கைகொடுப்பது, கம்பிவடத்தை உருளையில் சுற்றி இழுக்கும் வின்ச். வண்டியும் சுமையும் சேர்ந்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு டன் வண்டிக்கு மூன்று டன். வின்சின் மேல் எழுதியிருக்கும் எண் உருளையின் முதல் சுற்றுக்கு மட்டுமே பொருந்தும். கம்பிவடம் சுற்றின் மேல் சுற்றாக ஏற ஏற உருளை பருத்து, இழுவை குறைந்துகொண்டே போகும். அதனால் அனுபவசாலிகள் பக்கத்து மரத்தை விட்டுவிட்டுத் தள்ளி நிற்கும் மரத்துக்கு வடத்தைக் கொண்டுபோவார்கள். மரத்தைச் சுற்றி அகன்ற நைலான் பட்டை போடுவது மரத்துக்கும் நல்லது, வடத்துக்கும் நல்லது. இழுவை போதாவிட்டால் மரத்தில் ஒரு கப்பியை மாட்டி வடத்தை வண்டிக்கே திருப்பிக் கொண்டுவரலாம். விசை இருமடங்கு, வேகம் பாதி. நீண்டிருக்கும் வடத்தின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுவதை யாரும் மறப்பதில்லை. அறுந்த எஃகு வடம் சாட்டையாகத் திரும்பும். சாக்கின் கனம் அதைத் தரையோடு அமுக்கும்.

தேயிலை மலையில் மரத்துக்கு எங்கே போவது? கண்ணுக்கெட்டிய தூரம்வரை இடுப்பளவுச் செடிதான், அதில் வடத்தைக் கட்டினால் தோட்டத்து மண்டோர் சும்மா விடமாட்டார். அங்கே உதிரிச் சக்கரமே நங்கூரம். சரிவின் மேல்பக்கம் சக்கரம் செங்குத்தாக இறங்கும் அளவுக்குக் குழி வெட்டுகிறார்கள். நடுத்துளை வழியாகப் பட்டையைக் கோத்துச் சக்கரத்தை இறக்கிப் புதைக்கிறார்கள். வடம் வண்டியை நோக்கித் தாழ்வாகப் போக மண்ணில் ஒரு சாய்வுக் கால்வாயும் வெட்ட வேண்டும். வடம் மேல்நோக்கி இழுத்தால் சக்கரம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். முதுகு ஒடியும் வேலை. மண்வெட்டி இல்லாமல் வின்சை மட்டும் வாங்கி மாட்டியவர் அந்த வேளையில்தான் மண்வெட்டியின் விலையை யோசிப்பார்.

தேயிலையைத் தாண்டி போஸ் லெமோய் போன்ற ஒராங் அஸ்லி பழங்குடிக் கிராமங்களுக்குப் போகும் காட்டுத் தடங்களில் உதவிக்கு வர வேறு வண்டி கிடைப்பது அரிது. சுற்றுலாக்காரருக்குச் சாகசமாக இருக்கும் அந்தச் சேறுதான் அங்கே வாழ்பவர்களுக்கு மருத்துவமனைக்குப் போகும் வழி; இதை நினைவில் வைப்பது நல்லது. தனி வண்டியாகப் போகாமல் இரண்டாகப் போவதும், எந்த வழியில் போய் எப்போது திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதும் எந்தக் கருவியையும் விடப் பெரிய காப்பு. 1967 மார்ச் 26இல் தானா ராத்தா பக்கம் உலாவப் போன தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்ப்சனைப் பெரும்படையே தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தக் காடு அப்படிப்பட்டது.

பெட்டியில் என்ன எடுத்துப் போவது? ஸ்பானர் செட், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் குழாய், பாராங் கத்தி, கையுறை, முதலுதவி, குடிநீர், டார்ச். உயரமான ஜாக்கியும், அது சேற்றில் புதையாமலிருக்க ஒரு கனமான பலகையும். பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர் இவற்றோடு ஒரு பின் ஆக்சில் ஷாஃப்டையும் சேர்த்துக்கொள்வார். இந்த வண்டியின் பலவீனம் அது. பாறையில் சக்கரம் சிக்கியிருக்கும்போது அதிரடியாக ஆக்சிலரேட்டரை மிதித்தால் ‘டக்’கென்று முறியும். ஆனால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஆறு போல்ட்களைக் கழற்றினால் ஷாஃப்ட் வெளியே வந்துவிடும். வண்டியைத் தூக்கவோ சக்கரத்தைக் கழற்றவோ தேவையில்லை. உதிரி கையில் இல்லையென்றால் மஞ்சள் குமிழை அழுத்தி முன்சக்கரங்களின் இழுவையில் ஊர்ந்து வீடு சேரலாம். புது மாடல்களில் கோளாறு வந்தால் மடிக்கணினி வேண்டும். கேமரன்காரர்கள் இந்தக் கிழட்டு வண்டிகளை விடாமல் வைத்திருப்பதற்குப் பாசத்தை விட இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

ஆற்றைக் கடப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஆள் இறங்கிக் கழியால் ஆழம் பார்க்க வேண்டும். அரை மீட்டருக்கு மேல் என்றால் யோசிக்க வேண்டும். எஞ்சின் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சிவிட்டால், நீரை அழுத்திச் சுருக்க முடியாததால் உள்ளே கனெக்டிங் ராடே வளைந்துவிடும். இன்னொரு ஆபத்து வெளியே தெரியாது. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஆற்றுநீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், அந்த வெற்றிடம் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். இதைத் தடுக்க ஆக்சிலின் மூச்சுத் துளையில் ஒரு நீண்ட குழாயை மாட்டி எஞ்சின் உயரத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கிளட்ச் உறையின் அடியிலும் ஒரு துளை உண்டு. தண்ணீரில் இறங்கும் முன் அதைத் திருகு மூடியால் அடைக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் சேற்றைக் கழுவும்போது, முக்கியமாகச் சட்டத்தின் மூலைகளில் அப்பிய மண்ணை எடுத்துவிட வேண்டும். துரு அங்கேதான் தொடங்கும். ஆக்சில் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டும். பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்றியாக வேண்டும். கிளட்ச் உறையின் திருகு மூடியையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கிக் கிளட்சை நனைத்துவிடும். பழைய லேண்ட் ரோவரில் எண்ணெய் கசியாத நாள் ஏது!