ஆண்டீஸ் மலைக் காளான்: தெய்வமா, உணவா?

மழை பெய்து ஓய்ந்ததும் வரப்பிலும் புற்றிலும் காளான் முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டில் பண்டைய மக்கள் காளானைத் தெய்வமாகப் போற்றினர் என்று சொல்லப்படுவது உண்டு. அதற்கான சான்றுகளைப் பார்ப்போம்.

பானையும் பதக்கமும்

பெரு நாட்டின் வடக்குக் கடற்கரையில் சுமார் கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்த மோச்சே மக்கள், பாலை நிலத்தில் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தவர்கள். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, நிலக்கடலை ஆகியவற்றை அச்சு அசலாக மண்பாண்டங்களில் வடித்தனர். சில பாண்டங்களில் உள்ள மனிதத் தலைகளில் குடை போன்ற அமைப்பு காணப்படுகிறது. இது காளான் என்கின்றனர் சில ஆய்வாளர்கள்.

கொலம்பியாவில் கிடைத்த பழங்காலத் தங்க மார்புப் பதக்கங்களில், உருவங்களின் தலையில் இரண்டு அரைவட்டக் குமிழ்கள் உள்ளன. இவை காளான்களாக இருக்கலாம் என்று தாவரவியல் அறிஞர் ரிச்சர்ட் எவன்ஸ் ஷூல்ட்ஸும் அலெக் பிரைட்டும் 1979-ல் எழுதினர். பழைய தொலைபேசியின் மணி போலத் தெரிந்ததால், இவற்றுக்கு 'டெலிபோன் தெய்வங்கள்' என்ற பட்டப்பெயரும் உண்டு.

மெக்சிகோவில் விழாக்களில் காளானைத் தேனுடன் உண்டதை 16-ம் நூற்றாண்டுப் பாதிரியார் சகாகுன் எழுதி வைத்துள்ளார். ஆண்டீஸ் மலைக்கு அந்த அளவு தெளிவான எழுத்துச் சான்று இல்லை. அங்கே சடங்குகளில் உறுதியாகத் தெரிபவை கோகா இலை, மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்த 'சிச்சா' பானம், சான் பெட்ரோ கள்ளி போன்றவை. சாவின் தே வாந்தார் கோயில் சிற்பத்தில் ஓர் உருவம் கள்ளியையே கையில் ஏந்தி நிற்கிறது.

உணவாகவும் வருமானமாகவும்

உணவாகக் காளானின் இடம் உறுதியானது. கெச்சுவா மொழியின் 'கல்யாம்பா' என்ற சொல்லே ஆண்டீஸ் நாடுகளின் ஸ்பானிய மொழியில் காளானுக்குப் பெயரானது. சிலி நாட்டில் ஒரே இரவில் முளைக்கும் குடிசைப் பகுதிக்கும் அதே பெயர்தான். பெருவின் கூஸ்கோ வட்டாரத்தில் மழைக்காலக் காளானுடன் மொச்சை போன்ற பெரிய அவரைப் பருப்பு, உருளைக்கிழங்கு, பால், பாலாடைக்கட்டி சேர்த்து 'கப்சி' சமைக்கின்றனர். பெருவின் இன்காவாசி மலைக் கிராமங்களில், பைன் மரங்களின் வேரோடு கூட்டு வாழ்வு நடத்தும் காளானைச் சேகரித்து, உலர்த்தி விற்கின்றனர். மரம் வளர்ந்து வெட்டும் வரை காத்திராமல் வருமானம் கிடைக்கிறது.

தோற்றம் ஏமாற்றும்

ஒரு சிலையின் தலையில் உள்ளது காளானா, தொப்பியா என்பதில் அறிஞர்கள் தவறினால் நஷ்டம் ஒன்றுமில்லை. வயலில் உள்ள காளானைத் தோற்றம் பார்த்துப் பறித்துத் தவறினால் உயிர் போகும். கொடிய நச்சுக் காளானின் விஷம் கொதிக்க வைத்தாலும் அழியாது. வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, மஞ்சள் நிறம் மாறுகிறதா என்ற சோதனைகளை நம்பாதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். இடையில் சற்றுக் குணமானது போலத் தோன்றினாலும் கல்லீரல் பாதிப்பு தொடரும். எனவே உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மீதமுள்ள காளானையும் எடுத்துச் செல்லுங்கள்.

நன்கு தெரிந்த காளானை மட்டும் பறியுங்கள். வளர்க்க விரும்பினால் நம்பகமான இடத்தில் வித்து வாங்குங்கள்.