நொண்டாத நாளிலும் கவனம் வேண்டும்

குதிரை என்றதும் வடக்கில் உள்ள சகோதரிகளுக்கு நெடுந்தீவு நினைவுக்கு வரும். மலையகத்தில் இருப்பவர்களுக்கு நுவரெலியா நினைவுக்கு வரும். அங்கே பிள்ளைகளை மட்டக்குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். அப்படி உழைத்து வயதாகிப்போன ஒரு மட்டக்குதிரையை மாத்தளை மாவட்டத்தில் ஒரு அக்கா வளர்க்கிறார்.

1983 வன்செயலுக்குப் பின் மாத்தளையிலிருந்து கிளிநொச்சிக்குப் போன குடும்பம் அவருடையது. 2009இல் கணவரை இழந்தார். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, இரண்டு பிள்ளைகளுடன் மாத்தளையில் தம்பி வீட்டுக்குத் திரும்பினார். நுவரெலியாவிலிருந்து தம்பி கொண்டுவந்த குதிரைதான் பிறகு அவருக்குத் தொழிலாயிற்று. சனி, ஞாயிறுகளிலும் கோயில் திருவிழாக் காலங்களிலும் பிள்ளைகளை ஏற்றி நடத்தினால் கையில் கொஞ்சம் காசு வரும்.

ஆனால் குதிரை சில நாட்களில் முன்காலை நொண்டியது. சில நாட்களில் ஒன்றுமே இல்லாததுபோல் நடந்தது. நடக்கிற நாளில், விட்டுப்போன வருமானத்தையும் சேர்த்து எடுக்க அக்கா நாள் முழுவதும் ஓட்டினார். "இன்னைக்கு நல்லா நடக்குது மிஸ், அப்புறம் எதுக்கு டொக்டர்?" என்பார். நானும் அதைச் சரி என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் அது காலை ஊன்ற முடியாமல் நிற்கும். நடமாட முடியாத குதிரையைத் தெருவில் அவிழ்த்துவிடும்படி அயலவர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

அதன் பிறகுதான் அரச கால்நடை வைத்தியரை அழைத்தோம். முன்கால் மூட்டில் வாதம் என்றார். வயதாக ஆக மூட்டின் குருத்தெலும்பு தேய்கிறது. அது திரும்ப வளராது. ஆகவே முழுச் சுகம் இல்லை. ஆனால் நோவைக் குறைத்துப் பல வருடம் வாழவைக்கலாம். நொண்டாத நாளில் மூட்டு சுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அன்று நோவு தணிந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்று அதிகம் உழைத்தால் அடுத்த நாள் வீக்கமும் நோவும் கூடும்.

அவர் சொன்னவை இவை:

நாள் முழுக்கக் கட்டிப் போடக்கூடாது. நின்ற இடத்தில் நின்றால் மூட்டு இறுகும். தினமும் சமமான மண் தரையில் காலையும் மாலையும் மெதுவாக நடத்த வேண்டும். கல் ரோடு, செங்குத்தான இறக்கம், குறுகிய வட்டத்தில் சுற்றுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

உடல் பருத்தால் மூட்டுக்குச் சுமை. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்; கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவ வேண்டும். குளம்பு நீண்டால் கால் கோணலாகப் பதியும், மூட்டு இழுபடும்.

மழைக் குளிரில் விறைப்புக் கூடும். கொட்டில் காய்ந்திருக்க வேண்டும். படுத்து எழும்ப வைக்கோலைத் தடிப்பாகப் பரப்ப வேண்டும்.

நோவு மருந்து வைத்தியர் சொன்ன அளவில் மட்டும். கூடினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். நாம் போடும் மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்கக்கூடாது.

நடக்கும்போது தலையைப் பார்த்தால் போதும். நோவுள்ள முன்கால் நிலத்தில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். காலை அடியோடு ஊன்றாவிட்டால், குளம்பு சுட்டால், மூட்டு திடீரென வீங்கினால் அன்றே வைத்தியரைக் கூப்பிட வேண்டும். அது வாதமாக இல்லாமல், குளம்பில் சீழ் கட்டியதாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம்.

கடைசியாக ஒரு கொப்பி வைக்கச் சொன்னார். அக்காவின் மகள் தினமும் எழுதினாள்: நொண்டியதா, எவ்வளவு தூரம் நடந்தது, மழையா வெயிலா. இரண்டு மாதத்தில் கணக்குத் தெளிவாயிற்று. அதிகம் ஓட்டிய ஒவ்வொரு நாளுக்கும் பின்னால் நொண்டிய நாள்கள் இருந்தன.

சவாரியை நிறுத்தியபோது வருமானம் போனது உண்மை. அக்கா அழுதார். இப்போது குதிரைச் சாணத்தை மக்கவைத்து, மிளகும் மரக்கறியும் பயிரிடுவோருக்கு விற்கிறார். சவாரிக் காசு அளவுக்கு அது வராது. வீட்டில் தையல் வேலையும் செய்கிறார். குதிரை இப்போதும் சில காலைகளில் நொண்டுகிறது. ஆனால் எழும்ப முடியாத நாள் குறைந்துவிட்டது.

ஒரு நாள் அந்தக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்புவதைக் கண்டேன். 2009இல் காயம்பட்ட முழங்கால். "இது வரும், போகும் மிஸ். வேலை செய்யிற நாள்ல செஞ்சுடணும்" என்றார்.

எங்கள் பெண்கள் பலரிடம் கேட்ட அதே பேச்சு. நோவு இல்லாத நாளில் எல்லா வேலையையும் அள்ளிப் போட்டுச் செய்கிறோம். நோவு வந்த நாளில் யாரிடமும் சொல்லாமல் படுக்கிறோம். அடுத்த கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு மாத்தளை வைத்தியசாலை கிளினிக்குக்குப் போனேன். எத்தனை நாளாக நோவு, எப்போது கூடும் என்று அங்கே கேட்டார்கள். அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

இப்போது அந்த வீட்டில் இரண்டு கொப்பிகள் இருக்கின்றன. சகோதரிகளே, வீட்டு மிருகத்துக்கு ஒன்று வைத்தால், உங்களுக்கும் ஒன்று வையுங்கள்.