கல்லீரற் கொழுப்பும் இரத்தக் கொழுப்பும்

நமது கிராமங்களில் கல்லீரல் நோய் என்றதும் மக்கள் நினைப்பது இரண்டைத்தான். ஒன்று மஞ்சட் காமாலை. மற்றொன்று குடியினால் வரும் கேடு. கண் மஞ்சளாகவில்லை, மதுவைத் தொட்டதில்லை, ஆகவே கல்லீரல் நலமாகவே இருக்கும் என்பது பலருடைய நம்பிக்கை. இந்நம்பிக்கை இன்று பொருந்தாது. மது அருந்தாதவர்களின் கல்லீரலிலும் கொழுப்புப் படிகிறது. அது வலி தருவதில்லை, காய்ச்சல் தருவதில்லை, பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்கிறது. இத்தகையோரின் இரத்தத்தைச் சோதித்தால், அதிலும் கொழுப்பின் அளவு மாறுபட்டிருப்பதையே பெரும்பாலும் காண்கிறோம். இவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. ஒன்று தென்பட்டால் மற்றொன்றையும் தேடிப் பார்க்க வேண்டும். இதனைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் தெளிவாக அறிந்து கொள்ளுதல் அவசியம்.

ஏரியும் கலங்கலும்

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளுக்குப் பெயர் பெற்றது. மதுராந்தகம் ஏரியை அறிந்த விவசாயிக்குக் கல்லீரலின் வேலையை விளக்குவது எளிது.

கல்லீரல் வலப்புற விலா எலும்புகளின் கீழ் அமைந்த உறுப்பு. வளர்ந்த ஒருவருக்கு அது சுமார் ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். நாம் உண்ணும் சோறு செரித்துச் சர்க்கரையாகிக் குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்கே செல்கிறது. வரத்துக்கால் வழியே ஏரிக்கு நீர் வருவதைப் போன்றது இது. உழைக்கும் தசைகள் ஆயக்கட்டு நிலங்களைப் போன்றவை. அவை வேண்டிய அளவு எடுத்துக்கொண்டால் ஏரியின் மட்டம் சீராக இருக்கும்.

நிலங்கள் நீரை எடுத்துக் கொள்ளாமல், வரத்து மட்டும் குறையாமல் இருந்தால் என்ன ஆகும்? ஏரி நிரம்பும், பிறகு கலங்கல் வழிந்து தாழ்ந்த நிலங்களை மூழ்கடிக்கும். கல்லீரலிலும் இதுவே நிகழ்கிறது. மிகுதியான மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அதில் ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்குகிறது. மற்றொரு பகுதி டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பாக இரத்தத்தில் விடப்படுகிறது. முன்னது நிரம்பிய ஏரி. பின்னது கலங்கல் வழிந்த நீர்.

மதகைத் திறந்து நிலத்திற்கு நீர் விடும் வேலையைச் செய்வது இன்சுலின். உழைப்புக் குறைந்து வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தவர்களின் உடல் இன்சுலினுக்குச் சரிவரக் கட்டுப்படுவதில்லை. தசைகளின் மதகு இறுகிவிடுகிறது. அதே வேளையில் வயிற்றுக் கொழுப்பும் கரைந்து கல்லீரலை நோக்கி வருகிறது. இரு வழியிலும் வரத்துப் பெருகுகிறது.

இரத்தத்தில் டிரைகிளிசரைடு மிகும்போது, இரத்தக் குழாய்களைக் காக்கும் எச்.டி.எல். என்னும் நல்ல கொலஸ்ட்ரால் குறைகிறது. எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ராலின் துகள்கள் சிறுத்து, குழாய்களின் சுவரில் எளிதாக நுழைகின்றன. ஆகவே, மொத்தக் கொலஸ்ட்ரால் அளவு சரியாக இருக்கிறது என்று சீட்டில் கண்டு மகிழ்ந்துவிடுதல் கூடாது. கொழுப்புப் படிந்த கல்லீரல் சிலருக்கு வீங்கித் தழும்பேறி, இறுதியில் சுருங்கிச் செயலிழக்கிறது. ஆயினும் இந்நிலை உள்ளவர்களில் மிகுதியானோரின் உயிரைப் பறிப்பது இருதய நோயே என்று மருத்துவர்கள் கூறுவதன் காரணம் இத்தொடர்புதான்.

ஆராய்ச்சிகள் கூறுவது

சென்னை நகரில் 541 பேரைச் சோதித்து 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 100-க்கு 32 பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இக்குறை காணப்பட்டது. சர்க்கரை அளவு சரியாக இருந்தவர்களிலும் 100-க்கு 22 பேருக்கு மேல் இக்குறை இருந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று, தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளின் நகரங்களிலும் கிராமங்களிலும் நடைபெற்று 2014-இல் வெளியாயிற்று. அதில் 100-க்கு 79 பேருக்கு இரத்தக் கொழுப்பில் ஏதேனும் ஒரு மாறுபாடு இருந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள் 100-க்கு 14 பேரே. நல்ல கொலஸ்ட்ரால் குறைந்தவர்கள் 72 பேர். டிரைகிளிசரைடு மிகுந்தவர்கள் 29 பேர். இக்கணக்கை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நெய்யையும் இறைச்சியையும் தவிர்த்தாலே போதும் என்று எண்ணுகிறோம். நம்மவரிடையே மிகுதியாகக் காணும் குறையோ, அளவுக்கு மிஞ்சிய மாவுச்சத்தும் குறைந்த உழைப்பும் சேர்ந்து உண்டாக்கும் குறையாகும்.

உழைப்புக் குறைந்தது, சோறு குறையவில்லை

சொர்ணவாரிப் பட்டத்திற்கு ஏர் பூட்டி உழுது, நாற்று நட்டு, கதிர் அறுத்துச் சுமந்த காலத்தில் மூன்று வேளைச் சோறும் உழைப்பிலேயே செலவாயிற்று. இன்று டிராக்டர் உழுகிறது, இயந்திரம் அறுக்கிறது. கடலோரத்தில் துடுப்பு வலித்த இடத்தில் மோட்டார் ஓடுகிறது. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களிலோ நாள் முழுவதும் ஓரிடத்தில் அமர்ந்து செய்யும் வேலை. இவ்வசதிகளை நாம் குறை கூறவில்லை. வேலையின் தன்மை மாறிய பின்பும், தட்டில் இடும் தீட்டிய அரிசிச் சோற்றின் அளவு மாறாததே குறை. இதனுடன் நாளைக்கு நான்கைந்து முறை சர்க்கரை கலந்த தேநீர், கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடைகளின் எண்ணெய்ப் பண்டங்கள், புட்டிப் பானங்கள் ஆகியவையும் சேர்ந்து கொண்டன. மது அருந்துவோருக்குக் கேடு இருமடங்காகிறது.

உடல் மெலிந்தவர்களுக்கு இந்நோய் வராது என்பதும் தவறு. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடலமைப்பு நம்மிடையே பெரிதும் காணப்படுகிறது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

சூனாம்பேடு காட்டிய வழி

கிராமத்தில் இவ்வளவு பரிசோதனைகளும் நடக்கக்கூடியவையா என்று சிலர் ஐயுறலாம். அதற்கு விடை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. செய்யூர் வட்டத்துச் சூனாம்பேட்டிலும் சுற்றுவட்டத்திலும் உள்ள 42 கிராமங்களில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று 2006-ஆம் ஆண்டு முதல் நீரிழிவுத் தடுப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது. அக்கிராமங்களில் 20 வயதுக்கு மேற்பட்டவர்கள் 27,014 பேர். அவர்களில் 100-க்கு 86 பேருக்கு மேல் சோதிக்கப்பட்டனர். கருவிகள் பொருத்திய வண்டி ஊர் ஊராகச் சென்றது. நோய் கண்டவர்களின் சராசரிச் சர்க்கரை அளவு ஓராண்டிற்குள் குறைந்தது. சென்னை மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தவர்கள் 100-க்கு 5 பேருக்கும் குறைவு. நீரிழிவுக்குச் செய்யக் கூடியதைக் கொழுப்பு நோய்க்கும் செய்யலாம் என்பதில் ஐயமில்லை.

குடும்பத்தில் செய்யத்தக்கவை

கல்லீரலில் படிந்த கொழுப்பு, தொடக்க நிலையில் பெரும்பாலும் திரும்பக் கரையக் கூடியது. பருத்த உடலினர் தம் எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைத்தால் கல்லீரல் நன்கு தேறுகிறது. 80 கிலோ உள்ளவர் சில மாதங்களில் படிப்படியாக 6 முதல் 8 கிலோ குறைத்தல் போதும். பட்டினி கிடந்து விரைவில் இளைத்தல் தீங்கு தரும்.

தட்டில் சோற்றைப் பாதியாகக் குறைத்து, அவ்விடத்தைக் கீரை, காய்கறி, பருப்பு, சுண்டல் ஆகியவற்றால் நிரப்பலாம். கடலோர மக்களுக்கு மத்தியும் கானாங்கெளுத்தியும் எளிதிற் கிடைக்கின்றன. அவற்றின் எண்ணெய்ச் சத்து டிரைகிளிசரைடைக் குறைக்க வல்லது. அவற்றை எண்ணெயில் பொரிப்பதினும் குழம்பாக்கி உண்பது நன்று. சர்க்கரையையும் புட்டிப் பானங்களையும் குறைத்து, மதுவை அறவே விலக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாட்களேனும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல் வேண்டும். நடப்பதால் தசைகளின் மதகு மீண்டும் திறக்கிறது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் கூறுவோம். இதனைக் காமாலை என்று கருதிக் கீழாநெல்லியை மட்டும் அருந்திப் பரிசோதனையைத் தள்ளிப்போடுதல் கூடாது. டாக்டர் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும் என்று அஞ்சித் தாமாகவே நிறுத்துவதும் கூடாது. கல்லீரலில் கொழுப்பு உள்ளவர்களுக்கும் அம்மாத்திரைகள் பொதுவாகத் தீங்கு செய்வதில்லை, இருதயத்தைக் காக்கின்றன.

பஞ்சாயத்தின் பணி

மத்திய அரசு 2021-ஆம் ஆண்டில் கல்லீரற் கொழுப்பு நோயையும் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப் பெற்றது. அதன் ஊழியர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் நாளில், இடுப்புச் சுற்றளவையும் அளந்து எழுதிக்கொள்ளப் பஞ்சாயத்துத் துணை செய்யலாம். அளவு மிகுந்தவர்களையும் நீரிழிவு உள்ளவர்களையும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பி, இரத்தக் கொழுப்புச் சோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். டிரைகிளிசரைடு 150 மில்லிகிராமுக்கு மேலும், நல்ல கொலஸ்ட்ரால் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழும் இருந்தால், கல்லீரலையும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். ஸ்கேனில் முதலில் கொழுப்பைக் கண்டவர்களும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள மறக்கலாகாது.

கிராம சபை கூடும் நாட்களில் இவ்விஷயத்தைப் பத்து நிமிடம் எடுத்துரைத்தால் பயன் மிகுதி. ஏரிக்கரை பலவீனப்பட்டது என்று அறிந்தால் மழைக்கு முன்பே ஊர் கூடி மண் போடுகிறோம். கரை உடையும் வரை காத்திருப்பதில்லை. உடலின் ஏரியையும் அவ்வாறே காலத்தில் கவனித்து, உழைக்கும் கைகளை நாட்டிற்குக் காத்துத் தருவோமாக.