ஷ்ஷ்ஷ்... பாப்பா தூங்குது, மூளை பேசுது!

“பாப்பா தூங்கிருச்சா?”

கைக்குழந்தைகளின் காதைச் சோதிக்கிற அறையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இதுதான். உசிலம்பட்டியில் பஸ் ஏறும்போதே அம்மாவுக்கு உத்தரவு: மதுரை போய்ச் சேரும்வரை பிள்ளையைத் தூங்கவிடக் கூடாது! கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். ஜன்னலோரக் காற்று. செக்கானூரணி வருவதற்குள் கண் சொக்கும். அப்பத்தா கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டேதான் வர வேண்டும். எதற்கு இந்தப் பாடு? வாங்க, உள்ளே எட்டிப் பார்ப்போம்.

முதல் ஆச்சரியம்: காது சத்தம் போடும்! குட்டி மைக் வைத்த ஒரு முனையைக் காதுக்குள் செருகி மெல்லிய ஒலியை அனுப்பினால், உள்காதின் ரோம செல்கள் துள்ளி, பதிலுக்கு ஒரு மிகச் சன்னமான ஒலியைத் திருப்பி அனுப்பும். 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தது இது. பிறந்த குழந்தைகளுக்குச் செய்கிற ஓ.ஏ.ஈ. சோதனை இதை வைத்துத்தான். திரும்பத் திரும்பப் பார்த்தும் பதில் வரவில்லையென்றால் அடுத்தது ‘பெரா’.

பஸ்ஸில் தள்ளிப்போட்ட தூக்கம் இங்கேதான் உதவுகிறது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் பசை தடவி ஒயர் ஒட்டுகிறார்கள். காதுக்குள் ‘டிக் டிக் டிக்’. ஒவ்வொரு ‘டிக்’குக்கும் நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்னலைகள் 10 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். பிள்ளை கொஞ்சம் சிணுங்கினாலே தசையின் மின்சாரம் அவற்றை அமுக்கிவிடும். அதனால் ஆயிரக்கணக்கான ‘டிக்’குகளைக் கொடுத்து, கம்ப்யூட்டர் சராசரி எடுக்கிறது. மெல்ல மெல்லத் திரையில் மேடு எழும்புகிறது. ஒன்று, இரண்டு... அதோ ஐந்தாவது! ஒலியைக் குறைக்கக் குறைக்க அந்த ஐந்தாவது மேடு எங்கே காணாமல் போகிறதோ, அதை வைத்துத்தான் பிள்ளைக்கு எவ்வளவு கேட்கிறது என்று கணிக்கிறார்கள்.

கேட்பது ரொம்பக் குறைவு என்று தெரிந்தால், அடுத்து எம்.ஆர்.ஐ. அந்த மெஷின் போடும் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காது கேட்காத பிள்ளைக்கும் காதுக்கவசம் மாட்டித்தான் உள்ளே அனுப்புவார்கள். மிச்சமிருக்கிற கேட்கும் திறன் பொன்னாச்சே! படத்தில் திரவம் வெள்ளை, நரம்புகள் கறுப்பு. உள்காதுக் குழாயின் குறுக்குவெட்டில் நான்கு கறுப்புப் புள்ளிகள் தெரிய வேண்டும். முன்பக்கம் கீழே இருக்கிற புள்ளியைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். அதுதான் செவி நரம்பு. அது இருந்தால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் பொருத்தும் மின்கருவி பற்றிப் பேசலாம். இல்லவே இல்லையென்றால், கருவியை நேராக மூளைத்தண்டிலேயே பொருத்தும் வழியும் உண்டு. டாக்டர் மோகன் காமேஸ்வரனின் மெட்ராஸ் இ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் அதையும் செய்கிறது.

இம்ப்ளான்டுக்குள் காந்தம் இருப்பதால், பொருத்திய பிறகு எம்.ஆர்.ஐ. எடுப்பதில் சிக்கல் உண்டு. அப்புறம் மூளைக்குள் நடப்பதை எப்படிப் பார்ப்பது? அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர் அனு சர்மாவின் வழி இன்னும் ஜாலியானது. தலையில் மின்முனைகள், எதிரே சத்தமில்லாமல் ஓடும் கார்ட்டூன்! பிள்ளை படம் பார்க்க, காதில் விழுகிற ‘பா’ சத்தத்துக்கு மூளைப் புறணி எவ்வளவு சீக்கிரம் பதில் தருகிறது என்று அவர் அளக்கிறார். பி1 என்ற அந்த அலை, பிறந்த குழந்தைக்குச் சுமார் 300 மில்லி விநாடியில் வரும். வளர வளர வேகம் பிடித்து, பெரியவர்களுக்கு 60 அளவில் வந்து நிற்கும்.

2002-ல் அவர் குழு வெளியிட்ட முடிவு உலகையே அவசரப்படுத்தியது. மூன்றரை வயதுக்குள் இம்ப்ளான்ட் பொருத்திய பிள்ளைகளின் பி1, சில மாதங்களிலேயே மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடித்தது. ஏழு வயதுக்கு மேல் பொருத்தியவர்களில் பெரும்பாலோருக்கு எட்டவில்லை. காரணம் சுவாரஸ்யமானது. சத்தம் வராத செவிப்பகுதியை மூளை சும்மா விடாது. பூட்டிக் கிடக்கிற வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டார் சாமானை இறக்கிவைப்பதுபோல, பார்வையும் தொடுகையும் அங்கே குடியேறிவிடும்.

நம் பக்கத்தில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம். தாய்மாமன், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் பிறவிச் செவித்திறன் குறைவு வரும் வாய்ப்பு கூடுகிறது. நல்ல சேதி: முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள ஏழைக் குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் இலவசம், மதுரைப் பெரியாஸ்பத்திரியிலேயே அறுவைச் சிகிச்சை நடக்கிறது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி உண்டு. அதில் பாதி வேலை வீட்டில் விடாமல் பேசிக்கொண்டே இருக்கிற அப்பத்தாவுடையது!

ஆகவே தாய்மாமன்களே, மருமகள் காதுகுத்துக்குச் சீர்த்தட்டு, மேளம், ஃப்ளெக்ஸ் எல்லாம் தடபுடலாக நடக்கட்டும். தோடு போடுவதற்கு ரொம்ப முன்னாலேயே, பிறந்த மாதத்தில், அந்தக் காதுக்கு ஒரு ஓ.ஏ.ஈ. பார்த்துவிடுங்கள். சீர்வரிசையில் முதல் சீர் அதுவாக இருக்கட்டும்!